பாப்பா தூங்கினாலும் காது தூங்குவதில்லை

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் கோவையில் இருக்கிறோம். பையனுக்கு 8 வயது, பாப்பாவுக்கு 3 வயது. அடுத்த மாதம் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பெரிய சினிமா இசைக் கச்சேரி நடக்கிறது. என் கணவர் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டார், மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும் பகுதியில். 5 வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை என்று போட்டிருப்பதால் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. "நாங்க எல்லாம் நோம்பிக்கு மைக்செட் குழாய்க்கு அடியிலயே படுத்துத் தூங்குனவங்க, என்ன ஆயிருச்சு?" என்று கேட்கிறார். குழந்தைகளுக்கு 120 டெசிபல் வரை பரவாயில்லை என்று ஏதோ ஒரு நோட்டீஸ் பற்றிய செய்தியில் நானும் படித்தேன். காதில் பஞ்சு வைத்துக் கூட்டிப்போனால் போதுமா? பாப்பா எவ்வளவு சத்தத்திலும் தூங்கிவிடுவாள்.
(ஒரு வாசகி, கோவை)

பதில்:

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் நல்ல காதுக் கவசத்தோடு, மேடையை விட்டுத் தள்ளி. பாப்பா வேண்டாம். டிக்கெட் தேவையில்லை என்பது இருக்கைக் கணக்கு. அந்தச் சத்தத்தை ஒரு குழந்தை தாங்குமா என்று யாரும் யோசித்துப் பார்த்து எழுதிய வரி இல்லை அது.

நான் செவித்திறன் பரிசோதகர். ஆடியாலஜிஸ்ட் என்று சொன்னால் சட்டென்று புரியும். சத்தம் புகாத சின்ன அறையில் குழந்தைகளை உட்கார வைத்துக் காது பார்ப்பது என் வேலை. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு அதை ஒரு விளையாட்டு மாதிரி வைத்திருப்போம். காதில் ஹெட்போன், கையில் ஒரு பாசிமணி, முன்னால் ஒரு டப்பா. சத்தம் கேட்டால் மணியை டப்பாவில் போட வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான், உங்கள் மகன் வயதுதான் இருக்கும். ஊர்த் திருவிழாவில் இரண்டு ராத்திரி டான்ஸ் நிகழ்ச்சியின் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலேயே நின்று ஆடியிருக்கிறான். அதிலிருந்து "காதுக்குள்ள வண்டு கத்துது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான் சொல்கிறான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன பிறகே கூட்டி வந்தார்கள். 500 ஹெர்ட்ஸ், 1000, 2000 என்று ஒவ்வொன்றாக ஒலியை அனுப்பினேன் (ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும்). டக், டக் என்று மணி விழுந்தது. 4000-க்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறேன், அவன் மணியை டப்பாவுக்கு மேலே பிடித்தபடி என் முகத்தையே பார்க்கிறான். விளையாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

பெருஞ்சத்தத்தால் வரும் காது சேதம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்கும், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். மற்றதெல்லாம் கேட்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் பேச்சில் ச, ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் அந்த உயர்ந்த சுருதிப் பகுதியில்தான் இருக்கின்றன. அங்கே ஓட்டை விழுந்தால் சொல் கேட்கும், என்ன சொல் என்று பிடிபடாது. நீங்களும் நானும் முன்பின் பேச்சை வைத்து ஊகித்துக்கொள்வோம், இத்தனை வருடம் தமிழ் கேட்ட காது நமக்கு. மூன்று வயதில் அந்தக் கையிருப்பு இல்லை. இப்போதுதான் உங்கள் பாப்பா சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

உள்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் வரிசை வரிசையாக நுண்ணிய மயிரணுக்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. ஒலியை நரம்புக்கு எடுத்துக் கொடுப்பவை அவைதான். பிறக்கும்போது என்ன இருக்கிறதோ அதுதான் ஆயுசுக்கும். தோல் மாதிரி, நகம் மாதிரி மறுபடி முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. பெருஞ்சத்தம் கேட்ட ராத்திரி காது அடைத்தாற்போல இருந்து மறுநாள் சரியாகிறதே, அது காற்றில் சாய்ந்த நெற்பயிர் மறுநாள் நிமிர்வது போலத்தான். ஆனால் நிமிர்ந்துவிட்டது என்றும் முழுதாக நம்ப முடியவில்லை. எலிகளை வைத்து 2009-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் மயிரணுவுக்கும் நரம்புக்கும் இடையே இருந்த இணைப்புகளில் பல நிரந்தரமாக அறுந்திருந்தது தெரிந்தது. பரிசோதனைத் தாளில் எல்லாம் சரியாக இருக்கும், கூட்டத்தில் பேசினால் மட்டும் புரியாது. அப்படிப் பட்டவர்களை நான் பார்க்கிறேன். அந்த ஆய்வு வந்ததிலிருந்து "ஒரு நாளில் சரியாகிவிடும்" என்று யாருக்கும் நான் ஆறுதல் சொல்வதில்லை.

இப்போது அந்த 120-க்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போல நிறையப் பேர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் ஹைதராபாத்தில் பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்ச் கச்சேரிக்கு முன்னால் அதிகாரிகள் ஒரு நோட்டீஸ் அனுப்பினார்கள். மது, போதைப்பொருள், வன்முறையைத் தூக்கிப் பிடிக்கும் பாட்டுகள் வேண்டாம் என்பதோடு, குழந்தைகளை மேடையில் ஏற்றாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். அதில் பெரியவர்களுக்கு 140 டெசிபல், குழந்தைகளுக்கு 120 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் எண்களைக் காட்டியிருந்தார்கள். அந்த எண்கள் கண நேரத்தில் உச்சம் தொட்டு அடங்கும் ஒலிக்கானவை. பக்கத்தில் ஒரு வெடி வெடிக்கிறது, ஒரு பொம்மைத் துப்பாக்கி சுடுகிறது, அந்த மாதிரி. மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வர முடியாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லை இரண்டு எட்டில் ஓடிக் கடந்துவிடலாம். அதே கல்லில் மூன்று மணி நேரம் நிற்க முடியுமா?

நிற்கும் நேரத்துக்கு வேறு கணக்கு இருக்கிறது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகும், காது தாங்கும் நேரம் பாதியாகும். தொழிற்சாலையில் வேலை செய்யும் பெரியவருக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம் என்று வைத்தால், 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2, 94-ல் 1 மணி நேரம். 100-க்குப் போகும்போது வெறும் 15 நிமிடம். எண்ணில் பார்த்தால் 85-க்கும் 100-க்கும் பெரிய வித்தியாசம் இல்லாதது போலத்தான் தெரியும். குழந்தைகளுக்கு இன்னும் இறுக்கமான கணக்கு. போனிலும் ஹெட்போனிலும் பாட்டுக் கேட்பதற்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவில் குழந்தைகளுக்கு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதையே நீட்டிப் பார்த்தால் 100 டெசிபலில் எட்டு நிமிடம்கூடத் தேறாது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் உங்கள் பாப்பாவுக்கு ஒரு வாரத்தின் மொத்தக் கணக்கும் தீர்ந்துவிடும்.

மைதானக் கச்சேரியில் 100 என்பது சர்வ சாதாரணம். 2022-ல் அதே நிறுவனம் கச்சேரி அரங்குகளுக்காகத் தனியாக ஒரு தரநிலை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அளவை நிகழ்ச்சி நேரத்திலேயே கண்காணிக்க வேண்டும், காதடைப்பான் கொடுக்க வேண்டும், காது ஓய்வெடுக்க அமைதியான ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த 100-ஐ நாள் முழுக்கக் கேட்கலாம் என்று அர்த்தம் இல்லை. பிரான்சில் 2017-ல் வந்த விதியில் பொதுவான வரம்பு 102, ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்றால் 94. சுவிட்சர்லாந்தில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான நிகழ்ச்சிக்கு 93. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருக்கின்றன, இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று நாம் எல்லோரும் அறிந்த அந்த விதிகள்தான். ஆனால் அவை அளக்கச் சொல்வது மைதானத்தின் எல்லையில், அக்கம்பக்கத்து வீடுகளுக்காக. உள்ளே அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதை அந்த அளவு பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

தோள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. குழந்தைக்கு மேடை தெரியட்டும் என்றுதான் தூக்கித் தோளில் வைக்கிறோம். முன்னால் நிற்பவர்களின் உடம்பும் தலையும் கொஞ்சம் சத்தத்தை வாங்கிக்கொள்கின்றன. தோளில் ஏறினால் அந்த மறைப்பும் போய்விடும். போதாததற்கு சின்னக் குழந்தையின் காதுத் துவாரம் சிறியது, குட்டையானது. கூர்மையான ஒலிகள் அதற்குள் இன்னும் பெருகி ஒலிக்கும். ஒரே இடத்தில் நின்றாலும் உங்கள் கணவர் காதுக்குள் கேட்பதும் பாப்பா காதுக்குள் கேட்பதும் ஒன்றல்ல.

பாப்பா தூங்கிவிடுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இது, அதிகம் கவலைப்படுவதும் இதற்குத்தான். தூக்கத்தில் மூளைதான் சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் ஒதுக்குகிறது. காதுக்கு இமை இல்லை. விழித்திருக்கும் குழந்தையாவது காதைப் பொத்தும், அழும், உங்கள் கழுத்தில் முகத்தைப் புதைக்கும், நாமும் எழுந்து வெளியே வருவோம். தூங்கும் குழந்தை அதையும் செய்யாது. "அசந்து தூங்குறா பாரு, ஒண்ணும் இல்ல" என்று கடைசிப் பாட்டு வரைக்கும் உட்கார்ந்துவிடுவோம்.

உங்கள் கணவர் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. ஒரே சத்தம் எல்லோர் காதையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு ஒரே ராத்திரியில் ஆகிவிடும். யார் எந்த வகை என்று முன்கூட்டியே சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. அவர் சின்ன வயதில் கேட்ட குழாய் ஸ்பீக்கர் பக்கத்தில் போனால் கொடுமையான சத்தம்தான், ஆனால் பெரும்பாலும் கம்பத்திலோ மரத்திலோ உயரத்தில் கட்டியிருப்பார்கள், நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் அதில் வராது. இன்றைக்கு மேடையின் இரண்டு பக்கமும் அடுக்காகத் தொங்கும் ஸ்பீக்கர் வரிசை வேறு ரகம். மைதானத்தின் பின்கோடி வரைக்கும் சத்தம் குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்றே அதை வடிவமைக்கிறார்கள். தள்ளி நிற்பது நிச்சயம் உதவும், ஆனால் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு உதவாது. "என்ன ஆயிருச்சு" என்பதற்கு ஒரே பதில்தான்: அவரை ஒரு முறை பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். அரை மணி நேர வேலை. எதுவும் இல்லை என்றால் எனக்கும் சந்தோஷம்.

பஞ்சு போதாது. மிகக் கொஞ்சம்தான் குறைக்கும், பேஸ் அப்படியே உள்ளே போகும். வைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கூடுதல் நேரம் இருந்துவிடுவோம், அதுதான் ஆபத்து. பெரியவர்கள் உருட்டிச் செருகும் ஸ்பாஞ்ச் அடைப்பான் சின்னக் குழந்தைக்கு வேண்டாம். சரியாகப் பொருந்தாது, பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் சிக்கும். அதை நீங்களும் உங்கள் கணவரும் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் காதும் முக்கியம்தானே.

பையனுக்கு வேண்டியது காதை முழுக்க மூடும் கவசம், இயர்மஃப் என்று கேட்டால் கொடுப்பார்கள். பாட்டுக் கேட்கும் ஹெட்போன் இல்லை. நாய்ஸ் கேன்சலிங் என்று விற்கும் ஹெட்போனும் இதற்குப் பதிலாகாது. டப்பாவின் மேல் எஸ்.என்.ஆர் அல்லது என்.ஆர்.ஆர் என்று போட்டு ஓர் எண் இருக்க வேண்டும், எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதைக் காட்டும் எண் அது, 20-க்கு மேல் இருந்தால் நல்லது. எண்ணே இல்லாத வண்ணப் பொம்மைக் கவசங்களை வாங்காதீர்கள். 25 என்று போட்டிருந்தால் நடைமுறையில் 15 குறைந்தாலே பெரிது. 15 குறைந்தால் 100 டெசிபல் 85 ஆகும், மேலே சொன்ன எட்டு நிமிடம் நான்கு மணி நேரமாக நீளும். பையனைக் கூட்டிப்போங்கள் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான். மேடையை ஒட்டி நின்றால் சத்தம் 100-க்கும் மேலே போகும், இந்தக் கணக்கும் செல்லாது. அதனால் முன் பகுதி டிக்கெட்டாக இருந்தாலும் பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள், சவுண்ட் என்ஜினியர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கும் பின்னால்.

கவசத்தை அன்றைக்குப் புதிதாக மாட்டினால் பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடுவான். இன்றைக்கே வாங்கி வீட்டில் பழக்குங்கள். நீங்கள் மிக்சி போடும்போது மாட்டிவிடுங்கள். சட்னி அரைபடும் சத்தம் சட்டென்று அடங்குவதை அவனே உணர்வான், அந்த ஆச்சரியத்திலேயே பிடித்துப்போய்விடும். முதலில் ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு கார்ட்டூன் முடியும்வரை. ரப்பர் மெத்தை காதைச் சுற்றித் தலையோடு ஒட்டி உட்கார வேண்டும். கண்ணாடிக் காம்பு, தொப்பி, அடர்ந்த முடி எது இடையில் வந்தாலும் அந்த இடுக்கில் சத்தம் நுழையும். பெண் குழந்தைகளுக்கு ஜிமிக்கி, இரட்டைச் சடை, பூ எல்லாமே இதைக் கெடுக்கும்.

இதையே பாப்பாவுக்கும் மாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். சத்தத்தை மட்டும் பார்த்தால் மாட்டலாம், சின்னக் குழந்தைகளுக்கென்றே கவசங்கள் வருகின்றன. ஆனால் மூன்று வயதுக் குழந்தை புழுக்கத்தில், அவ்வளவு கூட்டத்தில், தூங்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் அதைக் கழற்றாமல் இருப்பாள் என்று நான் நம்பவில்லை. அவள் கழற்றுவதை நீங்கள் எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கவும் முடியாது. 2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு கச்சேரியில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது, டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அப்படி ஒரு நெரிசலில் தோளில் குழந்தையோடு மாட்டிக்கொண்டால் காதைப் பற்றி நினைக்கவே நேரம் இருக்காது. பாட்டி வீட்டில் விட வழி இருந்தால் விடுங்கள். இல்லை என்றால் அப்பாவும் மகனும் போய்வரட்டும், மூன்றாவது டிக்கெட்டை ஒரு சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ கொடுத்துவிடலாம். உங்களுக்கும் போக ஆசை இருக்கும் என்று தெரியும். ஆசைப்படுவது தப்பே இல்லை. அப்படியானால் ஒரு கச்சேரிக்கு அவர், அடுத்ததற்கு நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கச்சேரியோடு நிறுத்தவும் மனம் வரவில்லை. கச்சேரி வருடத்துக்கு ஒன்று. கல்யாண மண்டபம் மாதம் ஒன்று. நான்கு சுவருக்குள் டிஜே, வரவேற்பில் செண்டை மேளம், மேடைக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் பிள்ளைகள். மைதானத்தில் பாதிச் சத்தமாவது வானத்துக்குப் போகும், மண்டபத்தில் எங்கே போகும்? கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கோ வாசலுக்கோ வந்துவிடுங்கள். உறவுக்காரர்கள் ஏதாவது நினைத்துக்கொள்வார்களே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். வாங்கும் கவசம் மண்டபத்துக்கும் உதவும், கைப்பையிலேயே வைத்திருங்கள்.

கச்சேரி அன்று நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் பையனை வெளியே, சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பக்கம் கூட்டிப்போய்க் காதுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். கவசத்தைக் கழற்றுவது அங்கேதான். காது வலிக்கிறது, தலை வலிக்கிறது, போகலாம் என்று அவன் சொன்னால் அதோடு கிளம்பிவிட வேண்டும், "இன்னும் ஒரே பாட்டுடா" என்று இழுக்கக் கூடாது. அதை இப்போதே அவன் அப்பாவிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் டிவி, போன் எதுவும் இல்லாத நேரத்தில் அவனிடம் கேளுங்கள்: காதுக்குள் கொய்ங் என்று கேட்கிறதா, காது அடைத்த மாதிரி இருக்கிறதா? டிவியை வழக்கத்தைவிடக் கூட்டி வைக்கிறானா, கூப்பிட்டால் "என்ன?" என்று திருப்பிக் கேட்கிறானா என்றும் பாருங்கள். இரண்டு நாளில் போகவில்லை என்றால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்கவே இல்லை என்றால் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் பரிசோதனை கஷ்டம் இல்லை. காதில் ஒரு சிறு முனையை வைத்து உள்காது எழுப்பும் எதிரொலியை அளக்கும் சோதனை இருக்கிறது, குழந்தை பதில் சொல்ல வேண்டியதே இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதுவரைக்கும் காதில் காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, சொட்டு மருந்து எதையும் வீட்டில் விட்டுவிடாதீர்கள்.